குரூப் 4 படிக்கும் தம்பிக்கு டேப்: 8.7 இன்ச்சா, 11 இன்ச்சா? பட்ஜெட் 20,000

பென்னாகரம் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பாடநூல்களின் பிடிஎஃப் முழுவதையும் போனில் இறக்கி வைத்திருக்கிறான். பக்கத்தைப் பெரிதாக்கினால் வரியின் கடைசி தெரியவில்லை, சின்னதாக்கினால் எழுத்தே தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் தலைவலி என்கிறான்.

பட்டுக்கூடு விற்ற பணத்தில் 20,000 ஒதுக்கியிருக்கிறோம். தருமபுரியில் ஒரு கடையில் 8.7 இன்ச் ஒன்றும் 11 இன்ச் ஒன்றும் காட்டினார்கள். சின்னதில் சிம் போடலாம், பெரியதில் வைஃபை மட்டும்தான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே படிக்க நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். அட்டைப்பெட்டியில் ஹெர்ட்ஸ், நிட்ஸ், 2கே என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. இதில் எதைப் பார்த்து வாங்குவது? என் பெண்ணும் ஏழாவது படிக்கிறாள், அவளும் எடுப்பாள்.

தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

அக்கா, சின்னதை எடுத்தவுடனே தள்ளிவிட வேண்டாம். நான் மாங்கூழ் ஆலையில் கேட் பக்கம் வேலை பார்க்கிறேன். சீசனில் லாரி வரிசை கட்டி நிற்கும்போது வண்டி எண், எடை, சரக்கு யாருடையது எல்லாவற்றையும் நின்றுகொண்டேதான் ஏற்ற வேண்டும். 8.7 இன்ச் டேப் 330 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டலாம். 11 இன்ச் 480 கிராம் வரும், கவர் போட்டால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். பத்து நிமிடம் ஒரு கையில் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். தம்பி எங்கே வைத்துப் படிக்கிறான் என்று சொல்லுங்கள், அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பென்னாகரம் அக்கா:

வீட்டில்தான் தம்பி. காலையில் புழுவுக்குத் தழை போட்டுவிட்டு உட்காருவான், அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. சனி, ஞாயிறு தருமபுரியில் கோச்சிங். பஸ்ஸில் படிக்க மாட்டான்.

ஓசூர் ஸ்கேல்:

அப்படியானால் கேள்வி பாதி தீர்ந்தது. மீதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

இன்ச் என்று போட்டிருப்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 8.7க்கும் 11க்கும் 2.3 இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைப் பாருங்கள்: சின்னது சுமார் 33 சதுர இன்ச், பெரியது 54க்கு மேல். ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதனால் பெட்டியில் உள்ள அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படிக்கிறவர்களுக்கு வேண்டியது திரையின் அகலம்.

தம்பி படிக்கும் பக்கத்தை ஏ4 தாள் என்று வைத்துக்கொள்வோம், அகலம் 210 மில்லிமீட்டர். டேப்பை நேராக நிமிர்த்திப் பிடித்தால் அந்தப் பக்கம் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்போம். இப்போது அவர் வைத்திருக்கும் போன் 6.6 இன்ச் இருக்கும் என்றால் திரையின் அகலம் 69 மில்லிமீட்டர். பக்கம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. தலைவலி வராமல் என்ன செய்யும்? 8.7 இன்ச்சில் அகலம் 113 மி.மீ., அதாவது 54 சதவீதம். 11 இன்ச்சில் 148 மி.மீ., 70 சதவீதம். புத்தகத்தில் 11 பாயின்ட் (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் அச்சான எழுத்து சின்ன டேப்பில் 6 பாயின்ட், பெரியதில் 7.7 பாயின்ட். 6 பாயின்ட் என்றால் மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் எழுத்து மாதிரி. அதை இரண்டு மணி நேரம் படிக்க முடியாது.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே 11 இன்ச் என்றாலும் திரையின் வடிவம் வேறு வேறு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப் 16:10, நீண்டு ஒல்லியாக இருக்கும், படம் பார்ப்பதற்கென்று செய்தது. ஷாவ்மி பேட் 7 போல சில 3:2, ஒன்பிளஸ் டேப்கள் சில 7:5. ஏ4 தாளின் நீள அகல விகிதம் 1.414, 7:5 என்பது 1.4. கிட்டத்தட்ட ஒன்றேதான். பக்கம் திரையில் மேலும் கீழும் வீணாகாமல் அப்படியே பொருந்தும். 2023ல் வந்த ஒன்பிளஸ் பேட் கோ 11.35 இன்ச், அகலம் 167 மி.மீ. சொச்சம். பக்கம் 80 சதவீத அளவில் தெரியும். 11 பாயின்ட் எழுத்து 8.8 பாயின்ட்டாக நிற்கும். அது வந்தபோது வைஃபை மாடல் 19,999 ரூபாய். இப்போது எங்காவது சரக்கு இருந்தால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரலாம்.

நிதானமாக உட்கார்ந்து படிப்பவருக்கு வடிவம்தான் முதல், இன்ச் அதற்கு அப்புறம், ஹெர்ட்ஸ் கடைசி. 60 ஹெர்ட்ஸ், 90 ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. பக்கத்தைத் தள்ளும்போது வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான். நின்றுகொண்டிருக்கும் எழுத்துக்கு 144 ஹெர்ட்ஸும் ஒன்றுதான், 60ம் ஒன்றுதான். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பாலக்கோடு மாணவன்:

அண்ணா, கணக்கு சரிதான், ஆனால் நேராகப் பிடித்தால்தானே இந்தப் பிரச்சினை? நான் 8.7 இன்ச்தான் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் படுக்கப் போட்டு வைத்தால் அகலம் கூடிவிடும். பக்கம் நன்றாகவே தெரிகிறது. குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்கு இதில்தான் படித்தேன்.

ஓசூர் ஸ்கேல்:

நல்ல கேள்வி தம்பி. படுக்கப் போட்டால் உன் டேப்பின் அகலம் 190 மி.மீ., ஏ4 பக்கம் 90 சதவீத அளவுக்கு வந்துவிடும். எழுத்து தெளிவாகத் தெரியும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரம்? ஒரு நேரத்தில் பக்கத்தில் 42 சதவீதம்தான் கண்ணில் படும். ஒரு பக்கம் முடிக்க இரண்டு, மூன்று முறை தள்ள வேண்டும். வரலாறு, தமிழ் மாதிரி தொடர்ந்து வாசித்துக்கொண்டே போகிற பாடத்துக்கு அது போதும். அறிவியல், புவியியல் புத்தகத்தை எடுத்துப் பார். மேலே வரைபடம், கீழே விளக்கம், ஓரத்தில் ‘உங்களுக்குத் தெரியுமா’ பெட்டி. படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைப் படிக்க முடியாது, மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு இன்னும் மோசம், கேள்வி ஒரு திரையில், தீர்வின் கடைசி வரி அடுத்த திரையில்.

உன் டேப்பில் பிக்சலும், அதாவது திரையில் எழுத்தையும் படத்தையும் உருவாக்கும் நுண்ணிய கட்டங்களும், குறைவாகத்தான் இருக்கும். அக்கா கேட்ட 2கே என்பதும் இந்தப் பிக்சல் எண்ணிக்கையைக் குறிப்பதுதான். 1340க்கு 800 திரை 8.7 இன்ச்சில் வந்தால் இன்ச்சுக்கு 179 பிக்சல். 11 இன்ச்சில் 1920க்கு 1200 வந்தால் 206. இங்கிலீஷ் எழுத்துக்கு 179 பரவாயில்லை. தமிழில் ண, ன சுழிகளும் மேலே வைக்கிற புள்ளியும் நெருக்கமாக இருக்கும். நேராகப் பிடித்துப் பக்கம் முழுவதையும் பார்க்கும்போது புள்ளி கரைந்துபோகிறது. ஏதாவது ஒரு இலக்கணப் பக்கத்தை நேராக வைத்துத் திறந்து பார், நான் சொல்வது புரியும்.

பாலக்கோடு மாணவன்:

பார்த்தேன் அண்ணா. நேராக வைத்தால் புள்ளி தெரியவில்லைதான். படுக்கப் போட்டுப் படித்தே பழகிவிட்டதால் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்று, பிடிஎஃப் செயலிகளில் ஓரங்களை வெட்டும் வசதி உண்டு. புத்தகத்தின் நாலு பக்கமும் இருக்கும் வெள்ளை இடத்தை வெட்டிவிட்டால் அதே திரையில் எழுத்து நன்றாகப் பெரிதாகும். எந்த டேப் வாங்கினாலும் தம்பிக்கு அதைச் செய்து கொடுங்கள் அக்கா.

சர்வீஸ் பெஞ்ச் (கிருஷ்ணகிரி):

நான் கிருஷ்ணகிரியில் போன், டேப் சரி செய்கிறேன். திரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

டேப் திரையில் இரண்டு பாகம். மேலே டச் கிளாஸ், கீழே டிஸ்பிளே. சிலவற்றில் இரண்டையும் பசை போட்டு ஒன்றாக ஒட்டியிருப்பார்கள், நாங்கள் காம்போ என்போம். சிலவற்றில் இரண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கும். ஒட்டியது பார்க்க அழகு, எழுத்து கண்ணாடியின் மேலேயே எழுதியது போல இருக்கும். வெளிச்சத்தில் பளபளப்பும் குறைவு. ஏனென்றால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பி வரும். நடுவில் காற்று இருந்தால் அப்படிச் சந்திக்கிற இடங்கள் கூடுகின்றன. வாசலில் உட்கார்ந்து படித்தால் உங்கள் முகமே திரையில் தெரியும்.

ஆனால் கீழே விழுந்தால் கதை மாறிவிடும். இடைவெளி உள்ளதில் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். காம்போவில் மேலே ஒரு கீறல் விரிசல் விட்டாலும் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். விலை குறைந்த டேப்பில் காம்போ விலை புது டேப் விலையில் பாதியை நெருங்கிவிடும். பலர் என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் ஏழாவது படிக்கிற பிள்ளை இருக்கிறது என்கிறீர்கள். வாங்கும் அன்றே மூலை தடித்த கவரும் டெம்பரும் போட்டுவிடுங்கள். அதற்குத் தனியாக ஆயிரம் ஒதுக்குங்கள். அந்த மாடலுக்குக் கவர் உள்ளூரில் கிடைக்கிறதா என்றும் முதலில் கேளுங்கள். அதிகம் விற்காத மாடலுக்குக் கவரும் கிடைக்காது, பார்ட்ஸும் கிடைக்காது.

அப்புறம் ரேம். 8+8 என்று போட்டிருந்தால் நிஜமான ரேம் 8தான், மீதி ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்குவது. ஆன்லைனில் 5,000 ரூபாய்க்கு 12 ஜிபி ரேம், 10 இன்ச் என்று பெயர் தெரியாத டேப் விற்கிறார்கள். என் மேசைக்கு வந்தவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே 2 ஜிபி, 3 ஜிபி இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பென்னாகரம் அக்கா:

ரொம்ப நன்றி. நிட்ஸ் என்றால் வெளிச்சம்தானே? எங்கள் வீட்டில் திண்ணையில்தான் காற்று வரும், பகலில் அங்கேதான் உட்காருவான்.

சர்வீஸ் பெஞ்ச் (கிருஷ்ணகிரி):

ஆமாம் அக்கா. 400 நிட்ஸ் வீட்டுக்குள்ளும் நிழலான திண்ணையிலும் போதும். வெயிலில் வைத்துப் படிக்க 600ம் பற்றாது. சுவருக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் திரையில் விழாமல் உட்காரச் சொல்லுங்கள்.

தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

இதை நானும் சொல்கிறேன். கேட்டில் தகரக் கொட்டகை நிழல் இருக்கும்வரை என் டேப் தெரியும். லாரி அருகே வெயிலுக்குப் போனால் திரை கறுப்புத்தான். காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து அப்புறம் ஏற்றுவேன்.

ஊத்தங்கரை டிசைனர்:

எல்லோரும் மலிவான டேப்பையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஐபேட் வாங்கினால் பல வருடம் ஓடும். 2025ல் வந்த ஏ16 ஐபேட் 128 ஜிபி 34,900 ரூபாய்க்கு வந்தது, ஆஃபரில் இறங்கும். இன்ச்சுக்கு 264 பிக்சல், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வடிவமும் படிக்கத் தோதானது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய ஐபேட்டும் கிடைக்கும், நமக்கு என்ன தூரம்?

ஓசூர் ஸ்கேல்:

ஐபேட் நல்ல கருவி, மறுக்கவில்லை. நேராகப் பிடித்தால் பக்கம் 75 சதவீத அளவில் வரும். ஆனால் அக்காவின் பட்ஜெட் 20,000. அந்த விலை ஐபேட்டிலும் திரை ஒட்டப்படாததுதான், 60 ஹெர்ட்ஸ்தான். பேனா வேண்டுமென்றால் டைப் சி ஆப்பிள் பென்சில் தனியாக 7,900. அதிலும் அழுத்தி எழுதினால் தடிக்கும் வசதி கிடையாது. மெமரி கார்டும் போட முடியாது. படம் வரைகிற உங்களுக்கு அது தேவை, தேர்வுக்குப் படிக்கிறவருக்கு அந்தப் பணத்தில் ஒரு வருடம் கோச்சிங்கும் மாதிரித் தேர்வும் முடிந்துவிடும். பழையதை எஸ்.பி. ரோட்டில் வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம். பேட்டரி எவ்வளவு உழைத்திருக்கிறது, முந்தையவரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று பார்க்கத் தெரியாதவர்களை நான் அனுப்ப மாட்டேன். புதிதாக வாங்குவதானால் டேப்புக்கு ஜிஎஸ்டி இங்கும் பெங்களூரிலும் 18 சதவீதம்தான், அதில் லாபம் எதுவும் இல்லை.

ஊத்தங்கரை டிசைனர்:

வரைவதற்கு என்ற கண்ணில் பார்த்துச் சொல்லிவிட்டேன் போல. பேனாவோடு வேண்டுமென்று யாராவது இதைப் படித்தால், சாம்சங் எஸ்9 எஃப்இ, எஸ்6 லைட் இரண்டிலும் பேனா பெட்டியிலேயே வரும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேனா விலையைச் சேர்த்துத்தான் டேப் விலையை ஒப்பிட வேண்டும்.

அரூர் டீச்சர்:

நான் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பேச்சு முழுவதும் திரையைப் பற்றியே போகிறது, பார்க்கிற கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பையனின் தலைவலிக்குப் போன் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். டேப் வாங்குவதற்கு முன்னால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். பவர் இருப்பது தெரியாமல் திரையை மாற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்லுங்கள். திண்ணையில் இருந்தால் எதிரே தோப்பைப் பார்த்தால் போதும். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறார்கள். அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமே அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சின்னப் பெண்ணுக்கு வேறு: அவளைப் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள், கிட்டப்பார்வை வராமல் இருக்க அது உதவும். டேப் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவள் படுத்துக்கொண்டு மூக்கருகே வைத்துத்தான் பார்ப்பாள். மேசையில் நிற்கிற மாதிரி ஸ்டாண்டு உள்ள கவராக வாங்குங்கள்.

இன்னொன்று அம்மா. குரூப் 4 ஓஎம்ஆர் தாளில் எழுதும் தேர்வு. பாடத்தைத் திரையில் படிக்கட்டும். பழைய வினாத்தாளைத் திரையில் தட்டிப் பார்ப்பது போதாது. அச்செடுத்து, கடிகாரம் வைத்து, பேனாவால் வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழக வேண்டும். 20,000த்தையும் டேப்பிலேயே போடாமல் அச்செடுக்கக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

பென்னாகரம் அக்கா:

டீச்சர், இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சிம் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் வைஃபை எல்லாம் கிடையாது.

பாலக்கோடு மாணவன்:

அக்கா, பிடிஎஃப் எல்லாம் ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் தேவையே இல்லை. வீடியோ வகுப்புக்குப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் டேப்பில் வந்துவிடும். போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால் சார்ஜில் போட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். டேப் சிம்முக்குத் தனியாக மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும், வருடக் கணக்கில் பார்த்தால் அதுவே டேப் விலையில் ஒரு பங்கு வரும். டவர் எடுக்காத இடத்தில் டேப்பில் போட்ட சிம்மும் எடுக்காது.

தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

சரி, நானும் பெரியதுக்கே ஓட்டுப் போடுகிறேன். நின்று வேலை செய்பவனுக்குச் சின்னது, உட்கார்ந்து படிப்பவனுக்குப் பெரியது.

பென்னாகரம் அக்கா:

எல்லோருக்கும் செய்தி சொல்ல வந்தேன். டீச்சர் சொன்னபடி கண் பார்த்தாயிற்று, தம்பிக்குச் சின்னதாகப் பவர் இருக்கிறது, கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறோம். அப்படியே கடைக்கும் போனோம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதே பக்கத்தை டேப்பில் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 8.7ல் படத்துக்குக் கீழே இருக்கும் பெயர்களை அவனால் படிக்க முடியவில்லை. 11ல் முடிந்தது. ஓரத்தை வெட்டியதும் இன்னும் தெளிவு.

7:5 வடிவம் அந்தக் கடையில் இல்லை. ரெட்மி பேட் எஸ்இ 11 இன்ச் இருக்கிறது. 1920க்கு 1200, 90 ஹெர்ட்ஸ், 400 நிட்ஸ். 2024ல் 12,999க்கு வந்ததாம், இப்போதும் அதை ஒட்டிய விலைதான் சொல்கிறார்கள். 4 ஜிபி ரேம் போதுமா, இல்லை கூடுதலாகக் கொடுத்து 8 வாங்கலாமா? 7:5 தேடி ஆன்லைனில் காத்திருக்கலாமா? தேர்வு நெருங்குகிறது.

ஓசூர் ஸ்கேல்:

காத்திருக்க வேண்டாம். 70க்கும் 80 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை ஓரத்தை வெட்டியே எடுத்துவிட்டீர்கள். இன்று கையில் கிடைத்துப் படிக்கத் தொடங்குவது மேல். 8 ஜிபி வாங்குங்கள். 300 பக்கப் படப் புத்தகத்தைத் திறந்துவிட்டு வீடியோவுக்குப் போய்த் திரும்பினால் 4 ஜிபியில் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து திறக்கும். அந்த எரிச்சல் படிக்கிறவனுக்குக் கூடாது.

சர்வீஸ் பெஞ்ச் (கிருஷ்ணகிரி):

கடையிலேயே பெட்டியைப் பிரித்து முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து மூலைகளில் மஞ்சள் திட்டோ, கறுப்புப் புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முழுக் கறுப்புப் படம், ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரியும். ஒரு ஐகானை விரலால் பிடித்து நாலு மூலைக்கும் இழுங்கள், எங்கும் விட்டுப்போகக் கூடாது. சார்ஜரைச் செருகிக்கொண்டும் அதையே செய்து பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் பெட்டியில் உள்ள சீரியல் நம்பர் ஏறியிருக்க வேண்டும், அது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பென்னாகரம் அக்கா:

8 ஜிபியே வாங்குகிறோம். கவர், டெம்பர் போக மிச்சத்தில் பழைய வினாத்தாள்களைத் தருமபுரியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறோம். கவர் ஸ்டாண்டு உள்ளதாகவே கேட்டிருக்கிறேன் டீச்சர், நாளைக்கு வரும் என்றார்கள்.